ஒரு கை பிடிங்கன்னு கேட்காதவர்

எனக்கு எழுதிப் பழக்கம் கிடையாது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோச்சு. அதற்கப்புறம் கையில் பிடித்ததெல்லாம் ஊசிதான். அதனால் எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லுவேன். ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆம்பூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி மெக்கானிக் கடை வைத்திருந்த ஒருத்தரைப் பற்றி எழுதுகிறேன். பேர் எழுத மாட்டேன். பேரைப் போட்டால் யாராவது அவர் மகளைத் தேடிப் போய் விசாரிப்பார்கள், அந்தப் பொண்ணுக்குத் தொந்தரவு. அவர் இருந்திருந்தால் அதை விரும்பியிருக்க மாட்டார். ஒருத்தருக்குத் தொந்தரவு கொடுத்துவிடுவோமோ என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே பயம்.

எப்படிச் சொல்வது? அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். அவ்வளவுதான்.

கடையில் அவருக்குக் கையாள் கிடையாது. மற்ற கடைகளில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, டயர் உருட்ட என்று ரெண்டு மூன்று பேர் இருப்பார்கள். இவர் ஒண்டியாகவே ஜாக்கி போட்டுக் காரைத் தூக்குவார், ஒண்டியாகவே அடியில் படுப்பார். ரெண்டு கையும் வேலையில் இருந்தால் டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வார். எதிரில் டீக்கடை பாய் சும்மா உட்கார்ந்திருப்பார்.

"உஸ்தாத், ஒரு கொரலு குடுத்தா நான் வரமாட்டனா? இன்னாத்துக்கு வாயில கவ்விக்கினு கெடக்குற?" என்று கத்துவார்.

இவர் டார்ச்சோடு வேண்டாம் என்று தலையை ஆட்டுவார். வெளிச்சம் சுவரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும்.

"பாரு, லைட் ஹவுசு வேணாம்னு சொல்லுது" என்று பாய் சிரிப்பார். தெருவே சிரிக்கும். அவரும் அடியில் கிடந்தபடி சிரிப்பார் என்று நினைக்கிறேன். வெளிச்சம் குலுங்கும்.

ஒரு வெயில் காலத்தில் அவருடைய தண்ணீர்க்குடம் உடைந்துபோச்சு. எங்கள் வீட்டுக் கதவு திறந்தேதான் இருக்கும், பானை வாசலில் இருந்து பார்த்தால் தெரியும். அவர் அந்த வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போய்க் குடித்துவிட்டு வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவர் கடை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். எனக்கும் ஆம்பிளைகளிடம் நின்று பேச வராது. சாயந்திரம் சொம்பு என் வாசற்படியில் இருந்தது. புதுச் சொம்போ என்று நினைக்கிற மாதிரித் தேய்த்து வைத்திருந்தார். அப்புறம் ஒரு வாரம் என் கண்ணில் படாமலே போய் வந்துகொண்டிருந்தார்.

நான் செருப்புக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தே அப்பர் தைக்கிறவள். ஷூவுக்கு மேலே இருக்கிற தோலை அப்பர் என்பார்கள். மூட்டையாக வரும், கையால் தைத்து மூட்டையாகத் திரும்பப் போகும். தைத்தபின் வார் வாராகத் தோல் மிஞ்சும். அதைக் குப்பையோடு தெருவில் கூட்டித் தள்ளுவேன். அவர் அதில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு போய் வண்டிச் சாமான் கட்டுவதைப் பார்த்தேன். என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. நல்ல வார் இருக்கிற நாளில் அவர் கடைப் பக்கமாகத் தள்ளிக் கூட்டுவேன். இப்படியே பல வருஷம் போச்சு. நாங்கள் பேசிக்கொண்டது கம்மி.

ஆனால் நாம் கேட்டால் செய்வார். என் மிக்சி, பக்கத்துத் தெருக்காரர் மோட்டார், எல்லாம் பார்ப்பார். எம் பையன் ரவி நடக்கிறதுக்காகக் காலில் கட்டியிருக்கிற கம்பியில் வார் மாட்டுகிற கொக்கி தேய்ந்து, அவன் நொண்டிக்கொண்டே போனதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே புதுக் கொக்கி அடித்து வைத்திருந்தார். "சும்மா இருந்த இரும்புதான்" என்றார்.

ரவிக்கு இடது கால் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிப்போனது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிதான் ஓட்ட முடியும். பழைய வண்டி ஒன்றை எடுத்து, வேலூர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறான். பேரணாம்பட்டில் ஒரு பெரியவர், பீடி சுற்றிக் குடும்பம் நடத்தினவர், கிட்னி கெட்டுப்போச்சு. வாரத்தில் மூன்று நாள் அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஊரில் வண்டிக்குப் பஞ்சம் இல்லை. ரவி போகாவிட்டால் அவர்களுக்கு வேறு வண்டி கிடைக்கும். ரவிக்குத்தான் வேறு வண்டி கிடையாது, வேறு வேலையும் கிடையாது.

அந்த வண்டியின் கியர்பாக்சில் இருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. சிவப்பு எண்ணெய். வாசலில் யாரோ வெற்றிலை துப்பின மாதிரி கிடக்கும். ஆட்டோமேட்டிக் என்றாலே மற்ற மெக்கானிக்குகள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இவர் சென்னையில் அந்த வேலை கற்றவர். "சீல் போயிருக்கு ரவி. எறக்கி மாத்திட்டு ஏத்திரலாம். நாளைக்குக் காலைல வண்டி இருக்கும்" என்றார். மறுநாள் காலையில் பெரியவரைக் கூட்டிப்போக வேண்டிய நாள்.

இறக்கினார், சீல் மாற்றினார், திரும்ப ஏற்றினார். எல்லாம் ஒண்டியாகத்தான். சாயந்திரம் ரவியைக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எஞ்சின் ஓடுச்சு. ரவி கியரைப் போட்டான். வண்டி நகரவில்லை. ரிவர்ஸ் போட்டான். அதுவும் இல்லை. எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் இருந்து ஒரு சத்தம், காதுக்குள் கொசு போனால் கேட்குமே, அது மாதிரி.

"இன்னாணா, நவுரவே மாட்டேங்குது?"

"ஆஃப் பண்ணு. ரவி, ஒடனே ஆஃப் பண்ணு."

அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. ஊசியைத் தோலிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவர் அடியில் படுத்து, கொஞ்சம் எண்ணெயைப் பிடித்து, வெள்ளைத் துணியில் ஊற்றி வெளிச்சத்தில் காட்டினார். துணியில் மினுமினு என்று இருந்தது.

"இன்னா உஸ்தாத், கல்யாணப் பொண்ணு பொடவை மாதிரி ஜிகினா?" என்று பாய் வந்து குனிந்தார்.

"பம்பு" என்றார் இவர். எழுந்திருக்கும்போது சைலன்சர் குழாயில் கையை ஊன்றினார். அப்போதுதான் எஞ்சின் ஓடி நின்றிருக்கு. தோல் கருகுகிற வாசனை எனக்குத் தெரியும், தோலிலேயே வாழ்கிறவள் நான். "தம்பி, கை! கை!" என்று கத்திவிட்டேன். அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வேறே யாரோ ஒருத்தர் கையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"சுடலையா?"

"கொஞ்ச நாளா மரத்துப் போயிதாங்கா இருக்குது."

"சுகரா?"

"பாத்துக்கலாம்."

ரவி பேரணாம்பட்டுக்குப் போன் போட்டு, நாளைக்கு வேறே வண்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். பெரியவரின் மகன் உடனே சரி என்று சொல்லிவிட்டானாம். "யோசிக்கக்கூட இல்லமா, சரின்னு வெச்சிட்டான்" என்று ரவி என்னிடம் சொன்னான். அன்றைக்கு அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கியர்பாக்சைத் திரும்ப இறக்கினார். உள்ளே நடந்ததை எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எஞ்சினுக்கும் கியர்பாக்சுக்கும் நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கிறது. ரெண்டு அன்னக்கூடையை வாயோடு வாய் வைத்து ஒட்டின மாதிரி, உள்ளே எண்ணெய். அதன் கழுத்து கியர்பாக்சுக்குள் போய் மூன்று இடத்தில் உட்கார வேண்டும். திருப்பித் திருப்பித் தள்ளினால் ஒவ்வொரு இடமாக இறங்கும். கடைசியாக இறங்குவது பம்பில். அந்தப் பம்புதான் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் போனால்தான் வண்டி நகரும். கழுத்து பம்பில் முழுசாக இறங்காமல் எஞ்சினோடு சேர்த்து முடுக்கினால் பம்பின் பல்லை நசுக்கிவிடும். நசுக்கியிருந்தது. பல்சக்கரத்தில் கழுத்து மாட்டுகிற ரெண்டு காதும் முறிந்து கிடந்தது.

"சாமான் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் பாய். அவரைத் தப்பிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னார், எனக்குத் தெரியும்.

"இல்ல பாய். நான்தான் ஒடைச்சேன்." ரவியைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் நல்லாத்தான் எறக்கி வெச்சேன். ஜாக்கில ஏத்தும்போது சாஞ்சு, முன்னால நழுவியிருக்கு. ரெண்டு பக்கமும் சேராம ஒரு விரல் சந்து நின்னுச்சு. போல்ட்ட முடுக்கி இழுத்துட்டேன்."

"இழுக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதாணா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"ஏத்தும்போது அது நழுவாம ஒருத்தர் புடிச்சிருக்கணும்."

"எதுருக்கதான நான் உக்காந்துனு இருந்தேன்!" பாய்க்கு உண்மையிலேயே கோபம். "கல்லு மாதிரி உக்காந்துனு இருந்தேன்யா. பாய் வா, ரெண்டே வார்த்த. வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"எறக்கி மறுபடி மொதல்லேருந்து ஏத்தலாம்னுதான் நெனைச்சேன். ஒரு நாள் ஆயிடும். காலைல டயாலிசிஸ் இருக்குதே, ரவிகிட்ட எப்பிடி இன்னொரு நாள் கேக்கிறதுன்னு..." என்று நிறுத்திவிட்டார்.

ரவி திட்டுவான் என்று பயந்தேன். அவன் அந்த முறிந்த சக்கரத்தைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "சரிணா. வண்டி எப்ப ஓடும்?" என்றான். அது திட்டினதை விட அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

சென்னைக்குச் சொல்லி வேறு பம்பும் கன்வெர்ட்டரும் பார்சலில் வருகிற வரைக்கும் அவர் கழுவினார். உடைந்த தூள் எண்ணெயோடு எல்லா இடத்துக்கும் போயிருக்குமாம். சோற்றில் கண்ணாடித் தூள் விழுந்த மாதிரி, எந்தக் கவளத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சாமானாகக் கழற்றிக் கழுவுவார், குழாய்க்குள் காற்று ஊதுவார், வெள்ளைத் துணியில் பிடித்துப் பார்ப்பார், மினுங்கினால் திரும்பக் கழுவுவார். கையில் வெந்த இடத்தில் துணி சுற்றியிருந்தார். வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பார்ப்பேன். இதற்குள் பேரணாம்பட்டுக்காரர்கள் ரெண்டு தடவை வேறு வண்டியில் போய்விட்டார்கள். ரவி தெருமுனையில் போய் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஏற்றுகிற அன்று அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. துணியில் கையைத் துடைத்தார். வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றேன். திரும்பக் கையைத் துடைத்தார்.

"அக்கா, உங்க கை சின்னக் கைதான?"

எதிரில் இருந்து பாய், "இன்னா உஸ்தாத், வளையலுக்கு அளவு எடுக்குறியா?" என்றார்.

அவர் காது சிவந்துபோச்சு. ஆனாலும் போகவில்லை. நின்றார்.

"கீழ ஒரு சந்து இருக்குதுக்கா. ஆம்பிள கை நொழையாது. அது வழியா கைய வெச்சு, கன்வெர்ட்டர் முன்னால வராம தள்ளிப் புடிக்கணும். நான் சுத்துங்கன்னா வெரலால சுத்திப் பாக்கணும். எனக்கு வெரலு சரியில்ல. நீங்க தோல தொட்டாலே எங்க மெலிசு, எங்க தடிப்புன்னு சொல்லுவீங்களே." அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "ஒரு கை புடிக்கிறீங்களா?"

கடைக்குப் போனபோது பார்த்தேன். தெருப் பக்கம் மறைவாகத் தார்ப்பாய் கட்டியிருந்தார். வயசான பொம்பளை புடவையோடு காருக்கு அடியில் படுத்திருப்பதை யாரும் பார்க்க வேண்டாம் என்று. அடியில் துவைத்த கோணிப்பை விரித்து, தலைக்கு ஒரு பழைய சீட் பஞ்சு. காலையில் இருந்தே கேட்க வேண்டும் என்று நினைத்து, எல்லாம் செய்துவிட்டு, கேட்க மட்டும் பொழுது ஆகியிருக்கிறது.

அன்றைக்கு ஒரே நாளில் அவர் மூன்று பேரைக் கேட்டார். ரவி ஸ்டூலில் உட்கார்ந்து ஜாக்கியை அடித்தான். பாய் கியர்பாக்சின் வால் பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, "என் டீ ஆறுது, என் கடை போவுது" என்று புலம்பினார். நான் கையைச் சந்தில் விட்டேன். இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. கனம் என் பக்கம் வரப் பார்க்கும், தள்ளிப் பிடித்தேன். ரெண்டு பக்கமும் தானாக வந்து சேர்ந்தது. போல்ட்டைக் கையாலேயே திருகிவிட்டு, "சுத்துங்கக்கா" என்றார். விரலால் தள்ளினேன்.

"சுத்துதா?"

"சுத்துது தம்பி."

"இடிக்குதா? எங்கயாச்சும் புடிக்குதா?"

"இல்ல. லேசா சுத்துது."

"நெசமாவா?" என்றார். என் முகத்துக்குப் பக்கத்தில்தான் அவர் முகமும் தரையில் இருந்தது. கண் நிறைந்து இருந்தது. நான் திரும்பவும் சுற்றிக் காட்டினேன்.

வண்டி ஓடியது. பேரணாம்பட்டுப் பெரியவரே போன் பண்ணி, "அந்த வண்டி குலுக்கிக் கொல்லுதுப்பா, நீயே வந்துரு" என்று ரவியைக் கூப்பிட்டார். பாய், "அக்கா இனிமே செருப்புக் கம்பெனி இல்ல, கியர்பாக்ஸ் கம்பெனி" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நினைத்தேன், இனிமேல் கேட்பார், ஒரு தடவை வாய் வந்துவிட்டது என்று. அப்படி நடக்கவில்லை. அதற்கப்புறம் ஆட்டோமேட்டிக் வண்டி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். டார்ச் திரும்ப வாய்க்குப் போய்விட்டது.

கால் கதையைச் சொல்ல வேண்டும். எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

ஜாக்கியோ என்னவோ கால் விரலில் விழுந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை போல. நொண்ட ஆரம்பித்தார். "இன்னாயா காலு?" என்று பாய் கேட்டதற்கு, "செருப்பு கடிச்சிருச்சு பாய்" என்றார்.

"ஆம்பூர்ல இருந்துனு செருப்பு கடிக்குதுன்றியே, வெளிய சொல்லாத, ஒரு கம்பெனிக்கும் ஆர்டர் வராது."

எல்லாரும் சிரித்தோம்.

அந்த நாளில் எல்லாம் ரவியின் வண்டி விடியக்காலையில் அவர் கடை வாசலில் இருந்துதான் கிளம்பும். போகிற இடம் ஆஸ்பத்திரி. முன் சீட் காலியாகத்தான் இருக்கும். பெரியவர் பின்னால் படுத்துக்கொள்வார். இவர் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்திருந்தால் போதும், வாயைக்கூடத் திறக்க வேண்டாம். அவர் எழுந்து வந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, போய்ட்டு வா என்று கையைக் காட்டுவார்.

கடை திறக்காத அன்று பாய் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தார். காய்ச்சலில் கிடந்தார். காலைப் பற்றி எழுத மாட்டேன். ரவி வண்டியில் ஏற்றினபோது, "சீட்டு வீணாப் போயிடும், பேப்பர் போடு" என்றாராம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மகள் அரக்கோணத்தில் இருக்கிறாள் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். நம்பர் கேட்டால், அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கு, வேண்டாம் என்று தரவில்லை. பாய் கடையை மூடிவிட்டு ரயிலேறிப் போய் ரெண்டு நாள் விசாரித்துக் கண்டுபிடித்தார். அவளும் உடனே கிளம்பி வந்தாள். அவள் வந்து சேர்ந்த காலையில் கட்டிலில் வேறு விரிப்பு விரித்துக்கொண்டிருந்தார்கள்.

முந்தின ராத்திரி முழுக்க ரவி கீழே வண்டியிலேயே, போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். போன் வரவில்லை. கட்டில் பக்கத்தில் கூப்பிடுகிற மணி இருந்தது. நர்சம்மாவிடம் கேட்டேன். அந்தப் பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு மணியே அடிக்கலைமா. ரொம்ப நல்ல பேஷண்டு, ஒரு தொந்தரவும் குடுக்கல" என்று சொல்லிச்சு. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொல்லிச்சு.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. கியர்பாக்ஸ் விஷயத்தில் தப்பு இருக்கலாம். பம்பு, கன்வெர்ட்டர், மூன்று இடத்தில் இறங்கும் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், அந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். எடுத்தது எந்தக் கால் என்பது எனக்குக் குழம்புகிறது, வலது என்று நினைக்கிறேன், பாயிடம் கேட்டுப் போடுங்கள். இன்னும் ஒன்று. அந்த வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஐயா இருந்தார், அவருக்குத் துணையாக அவர் வீட்டம்மாவும் இருந்தாங்க. எந்த ஊரோ தெரியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள். கடைசியில் அவர் உங்களிடம் ஒரு வாய் தண்ணீராவது கேட்டாரா? யாரையாவது கூப்பிடச் சொன்னாரா? கேட்கவில்லை என்றுதான் நான் எழுதியிருக்கிறேன். கேட்டிருந்தால் அதை அடித்துவிட்டு, கேட்டார் என்று எழுதுங்கள்.